என் சிறுநீருக்குக் கிடைத்த வேலை

அக்காவின் கணவரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. தொண்ணூறுகளின் நடுவில் அவர்கள் குருபோங்கில் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டில் இருந்தார்கள். நான் ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி மலாக்கா டவுனில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவன் நான்தான். அதனால் அவர் என்னை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார். பக்கத்தில் ஆள் இருந்தால் இன்னும் சத்தமாக.

புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை முடிவாகிவிட்டது. மருத்துவச் சோதனைதான் பாக்கி. பாச்சாங்கில் இருந்த கிளினிக்கில், காலைச் சிறுநீரை வீட்டிலிருந்தே புட்டியில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். முன்பு வேறோர் இடத்தில் சிறுநீரில் புரதம் போகிறது என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். காலையில் முகம் ஊதியிருக்கும். சாயங்காலம் சிலிப்பர் வார் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும்.

காலிப் புட்டியை என் முன்னால் வைத்தார்.

"டாக்டர், இதுல கொஞ்சம் ரொப்பிக் குடு."

முடியாது என்றேன். படித்ததைச் சொன்னேன். சிறுநீரகத்தில் இரத்தக் குழாய்கள் நூல் உருண்டை மாதிரிச் சுருண்டிருக்கும். அவற்றின் உட்சுவர் முழுக்க ஓட்டை. புரதம் நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டை. இருந்தும் புரதம் வெளியே போவதில்லை. சுவரின் மேல் வழவழப்பாக ஒரு பூச்சு இருக்கிறது. அதற்கும் புரதத்துக்கும் ஒரே மின்னூட்டம் என்பதால் அது புரதத்தை எட்டித் தள்ளிவிடும். தப்பி வருவதைப் பின்னால் உள்ள அடுக்குகள் பிடித்துக்கொள்ளும். இந்தத் தடுப்பு கெட்டால்தான் கசியும்.

"ஓட்டையும் இருக்கும், ஒழுகவும் ஒழுகாதா? இதப் படிக்கத்தான் தெனம் பஸ் ஏறிப் போறியா?"

"உங்களுக்கு ஒழுகுது மாமா. ஆஸ்பித்திரிக்குப் போங்க."

"பூச்சுதான போச்சு, பெயிண்ட் அடிச்சுக்கலாம்லா."

அக்கா இடுப்பில் குழந்தையோடு கதவோரம் நின்றிருந்தாள். "நீ படிக்கணும்னுதான் என்னைய அஞ்சாவதோட நிறுத்துனாங்க. ஒரு புட்டி குடுக்க வலிக்குதா ஒனக்கு?" என்றாள்.

கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேல்தான் முதலில் கோபம் வருகிறது.

அடுத்த வாரம் கிளினிக்கின் கடிதம் வந்தது. எல்லாம் சுத்தம், வேலைக்குத் தகுதி. அவர் வேலைக்குப் போனதில்கூட எனக்கு ஆச்சரியமில்லை. அந்தக் கடிதத்தை அவரே நம்ப ஆரம்பித்ததுதான் தாங்கவில்லை. ஹாலில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே விரலால் அதைக் காட்டுவார்.

"படிச்ச டாக்டர் எழுதிக் குடுத்திருக்கான். நீ படிக்கிற டாக்டர்தான?"

"அது என்னோடது மாமா."

"என் பேருதான போட்டிருக்கு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளி ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கிய இரண்டு சோதனைக் குழாய்களோடு போனேன். ஒன்றும் இல்லையென்றால் கொடுங்கள், கொதிக்க வைத்துப் பார்ப்போம், புரதம் இருந்தால் வெந்து திரியும் என்றேன். அவருக்குக் கடிதத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை. சிரித்துக்கொண்டே கொண்டுவந்தார், நுரையோடு. இன்னொரு குழாயில் என்னுடையது. அடுப்பில் அக்காவின் பழைய சட்டியில் தண்ணீர் கொதித்தது. நாத்தம் நாத்தம் என்று திட்டிக்கொண்டே அவளும் பக்கத்தில் நின்றாள்.

என்னுடையது தெளிவாகவே இருந்தது. அவருடையது வெளுக்க ஆரம்பித்தது. இரண்டு சொட்டு வினிகர் விட்டேன். வெளுத்தது வெறும் உப்பாக இருந்தால் அதில் கரைந்திருக்கும். கரையவில்லை. வெந்த முட்டை வெள்ளை மாதிரித் திப்பி திப்பியாக அடியில் இறங்கியது.

"நீ என்னத்தையோ கலந்துட்ட," என்றார் மாமா. "மொதல்லேர்ந்தே என் வேலைய முடிக்கத்தான் பாக்குற." குழாயைப் பிடுங்கிச் சிங்க்கில் கவிழ்த்தார்.

அக்கா அவருடைய பாதத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஹாலுக்குப் போய் அந்தக் கடிதத்தைச் சுவரிலிருந்து பிய்த்தாள். நான்காக மடித்து என் சட்டைப் பையில் திணித்தாள்.

"இது ஒன்னோடது, எடுத்துக்கிட்டுப் போ. நாளைக்கு இவரோடத எடுத்துக்கிட்டு நான் பெரியாஸ்பித்திரிக்குப் போறேன். நீ வராத. நீ குடுத்ததும் போதும், இவரத் தோக்கடிச்சதும் போதும். இனிமே இந்த வீட்டுப் பக்கமும் வராத."