வேட்டி கட்டிய ஹொலி

சிவபாதம் அண்ணை போய்விட்டார் என்று அவர் மனைவி வாசலில் நின்று சொன்னபோது, நான் முற்றத்து ஹொலிச் செடிகளைச் சுற்றியிருந்த அவருடைய வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பிடித்தபடியே அழுதேன். அவரைத் தெரிந்த உங்களில் பலர் அந்த வேட்டியைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அது எப்படி அங்கே வந்தது என்று சொல்கிறேன்.

சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பை விட்டு, ஸ்காபரோவில் ஓர் ஒட்டுவீட்டின் பாதியை நாங்கள் வாங்கினோம். மறுபாதி அண்ணையுடையது. மாடியில் இருந்தவரை கிறிஸ்மஸுக்கு நாங்கள் வைக்கும் இயேசு பாலன் குடில் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல்தான், பிளாஸ்டிக் பழக்கொத்தோடு. சொந்த முற்றத்துச் சிவப்புப் பழம் வைத்து ஒரு நத்தாருக்காவது குடில் கட்டவேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை. முள்ளிலையும் சிவப்புப் பழமுமான ஹொலிச் செடி இரண்டு வாங்கி இரு வீட்டு எல்லையில் நட்டேன். அடக்கமாக வளரும் சாதி, பனியிலும் பச்சை மாறாது. ஒன்று ஆண், மற்றது பெண். பெண் செடிதான் காய்க்கும், அதுவும் பக்கத்தில் ஆண் செடி பூத்தால்.

முதல் குளிர்காலத்திலேயே காற்று இலைகளைக் கருக்கிவிட்டது. அடுத்த பனிக்கு முன் அண்ணை வேட்டியோடு வந்தார்.

"தங்கச்சி, நாங்கள் எத்தினை உடுப்புப் போடுறம்? உதுகள் வெறும் மேலோட நிக்குதுகள்."

சாக்குத்தான் சுற்றுவார்கள் என்றேன். "வேட்டிதான் மரியாதை" என்று கொடுக்குக் கட்டாத குறையாகச் சுற்றிவிட்டார். தபால்காரர் போகும்போதெல்லாம் செடிகளுக்கு ஒரு வணக்கம் வைப்பார். இலைகள் பிறகு கருகவில்லை.

பழம் மட்டும் வரவேயில்லை. உரம் போட்டேன், தண்ணீர் ஊற்றினேன், மாதாவுக்கு நேர்த்தியும் வைத்தேன். ஒரு மே மாதக் காலையில் யன்னலால் பார்த்தால், அண்ணை பூத்தட்டோடு நின்று சின்ன வெள்ளைப் பூக்களை ஒவ்வொன்றாக ஆய்ந்துகொண்டிருக்கிறார்!

"அண்ணை, என்ன செய்யிறியள்?"

"சாமிக்குப் பூ, தங்கச்சி. கடைப் பூ ஃபிரிஜ்ஜில கிடந்தது. உது இப்ப மலர்ந்தது."

"உந்தப் பூவிலதானே பழம் வாறது!"

சண்டைக்குத்தான் ஓடினேன். ஆனால் திருவிழாவில் தொலைந்த பிள்ளைபோல அவர் முழித்த முழியைக் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வருடம் பெண் செடியை அவர் தொடவில்லை. அப்போதும் பழமில்லை. விசாரித்தால், ஆண் செடியில் ஒரு பூ மிச்சமில்லை.

"ஆம்பிளைச் செடி காய்க்காதெண்டு நீர்தானே சொன்னனீர்?"

"மாப்பிள்ளையை மொட்டையடிச்சுப்போட்டுக் கலியாணம் எப்பிடி அண்ணை நடக்கும்?"

அவர் சிரித்த சிரிப்பில் அவர் மனைவி, அக்கா, அகப்பையோடு வெளியே ஓடிவந்தார்.

அதற்கடுத்த வசந்தத்தில் அண்ணை இரண்டையும் விட்டுவிட்டார். பூவில்லாமல், தண்ணீரும் திருநீறும் மட்டும் வைத்துக் கும்பிட்டார். கேட்டதற்கு, "சாமி கொஞ்ச நாள் பொறுப்பார். நீர்தான் பொறுக்கமாட்டீர்" என்றார். தேனீக்கள் வந்தன. பச்சைக் காய் பிடித்தது. போன நத்தாருக்கு முதல்நாள் அதே பூத்தட்டில் சிவப்புப் பழக்கொத்தோடு எங்கள் கதவைத் தட்டினார். "பாலனுக்கு என்ர பங்கு" என்று குடிலில் தன் கையாலேயே வைத்தார். முள் குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டு கும்பிட்டார். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான குடிலை நான் கண்டதில்லை.

இன்று அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவு. அவர் வேட்டியைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். பனி வந்தால் இனி நான்தான் கட்டிவிடவேண்டும். காலையில் ஹொலி பூத்திருந்தது. அக்காவிடம் அந்தத் தட்டை வாங்கி, இரண்டு செடியிலும் ஒரு பூ மிச்சமில்லாமல் ஆய்ந்து அவர் படத்தின் முன் வைத்தேன்.

இந்த நத்தாருக்குக் குடிலில் பழம் இராது. பாலன் கேட்டால், அது அண்ணைக்கு உம்முடைய பங்கு என்று சொல்லிக்கொள்வேன்.