கொள்ளிடத்தில் மிதந்த கப்பல்

அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது தோன்றியது. ஆடி கழிந்தும் காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. காற்று நின்றுவிட்ட சாயங்காலம். பாலம் தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கியது. மேலே ஒரு பஸ் போனால் கீழேயும் அதே பஸ், கூரை கீழாக, அதே நிதானத்தில் போனது. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் ஒரு கோடு. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்த நான் சட்டென்று எழுந்து, "பூமத்திய ரேகை!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார்.

"என்னம்மா, செருப்பு ஆத்தோட போயிடுச்சா?"

"இல்லீங்க, ஒரு கப்பல் கெடச்சிருச்சு" என்றேன். அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி பிழியத் தொடங்கினார்.

திருச்சிக்காரிக்குக் கப்பல் எதற்கு என்றுதான் என் அம்மாவும் கேட்பாள். நான் வளர்ந்தது கைலாசபுரத்தில். அப்பாவுக்கு ஆலையில் வேலை. ஷிப்ட் மாறும்போது ஊதும் சங்கைச் சின்ன வயதில் கப்பல் சங்கு என்றே நினைத்துக்கொள்வேன். எங்கோ தைல மரங்களுக்குப் பின்னால் ஒரு கப்பல் புறப்படுகிறது, நான் மட்டும் ஏறாமல் விட்டுவிட்டேன் என்று. இப்போது ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறோம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. வேலை முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில் கடல்.

பெரிய கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டே போகும். செயற்கைக்கோள்கள் அதைக் கேட்டு வரைபடத்தில் புள்ளியாக வைக்கும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலில் அனுமதியில்லாமல் மீனை வாரிக்கொண்டு போகிற கப்பல்கள் மட்டும் வாயை மூடிக்கொள்ளும், அல்லது பொய் சொல்லும். அந்த மௌனங்களையும் பொய்களையும் தேடிப் பார்க்கிற ஒரு குழுவில் நானும் ஒருத்தி. பல தேசத்து ஆட்கள். ஒருவருக்கு விடியும்போது இன்னொருவருக்குத் தூக்கம் வரும். சம்பளம் கிடையாது. ஆனாலும் நாள் முழுக்க நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நாற்காலி லேசாக ஆடுவது போலிருக்கும். அது போதும் எனக்கு.

கீழ்வீட்டு அக்காவுக்கு இது தெரியும். அவருடைய கணவர் வையம்பட்டிக்காரர். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் சமையல் செய்துகொண்டிருந்தார். சரக்குக் கப்பலில் சமையல்காரர் வேலை என்று ஒரு ஏஜென்ட் அழைத்துப் போனான். ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து யாருடைய போனிலோ ஒரு முறை பேசினார். "இது மீன் புடிக்கிற கப்பல். ஆனா சமையல்தான், பயப்படாத" என்று சொல்லிக் கப்பலின் பெயரையும் சொன்னார். அதற்குப் பிறகு குரலே இல்லை. இப்படிப்பட்ட கப்பல்களுக்கு இன்னொரு கப்பல் நடுக்கடலிலேயே டீசலும் அரிசியும் கொடுத்து, மீனை வாங்கிக்கொண்டு போய்விடும். கரைக்கே வர வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர்கள் இறங்கவும் முடியாது.

"உன் பொட்டியில அவரு கப்பல் தெரியுதா பாரும்மா" என்று அக்கா தினமும் மாடிப்படியில் நின்று கேட்பார். தெரியவில்லை. ஒரு மத்தியானம் தெரிந்தது. எங்கே என்றால், ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில். கொள்ளிடத்து மணலைத் தாண்டி, தென்னந்தோப்புகளின் மேல், அக்கா சொன்ன அதே பெயருடன் ஒரு கப்பல் மெதுவாக மிதந்துகொண்டிருந்தது.

தரை மேல் விழுகிற புள்ளிகளைக் குப்பை என்று தள்ளிவிடுவது எங்கள் குழுவின் வழக்கம். பழுதான கருவி ஏதாவது உளறியிருக்கும். வேறு யாராக இருந்தாலும் தள்ளியிருப்பார்கள். என்னால் முடியவில்லை. அது என் ஊர். ஜன்னல் வழியாகக் கொள்ளிடம் பக்கம் எட்டியே பார்த்துவிட்டேன்.

அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "பெருமாள சேவிக்க வந்திருக்கும். விடு, மூலஸ்தானம் வரைக்கும் வரட்டும்."

அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். புள்ளி தென்மேற்காக நகர்ந்தது. மணப்பாறையைக் கடந்து வையம்பட்டிக் காடுகளின் மேல் போய் முன்னும் பின்னுமாக அலைந்தது. "ஊருக்குத்தான் போறாரு" என்று முணுமுணுத்தவர் உடனே மாமியாருக்குப் போன் போட்டுவிட்டார். அந்த அம்மா கடலைக் கொல்லையில் நின்றுகொண்டு, "எந்தப் பக்கம்டி, ஒண்ணையுங் காணுமே?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. ஒரு நிமிடம் நான், அக்கா, அவர் மாமியார் மூவருமே அதை நம்பினோம் என்று நினைக்கிறேன்.

பிறகுதான் படித்துறையும், தலைகீழ் பஸ்ஸும்.

கப்பல் தன் இடத்தைச் சரியாகவே சொல்கிறது, தெற்கு என்பதை மட்டும் வடக்கு என்று சொல்கிறது. வேண்டுமென்றேவா, கருவியின் கோளாறா, தெரியாது. பூமத்திய ரேகையைத் தண்ணீர்க் கோடாக வைத்துப் பார்த்தால் திருச்சியின் பிம்பம் எங்கே விழும்? இந்துமாக் கடலின் நட்ட நடுவில். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத, சூரை மீன்கள் திரியும் நீரில். வீட்டுக்கு ஓடிவந்து குழுவில் எழுதினேன். மொரீஷியஸில் இருக்கும் ஒரு பெண் உடனே பிடித்துக்கொண்டாள். அந்தப் புள்ளிகளைக் கேட்ட செயற்கைக்கோள் அப்போது தென்கடலுக்கு மேலேதான் இருந்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஒருவர் அந்த இடத்தின் ரேடார் படத்தைத் தேடி எடுத்தார். கறுப்பு நீரில் அரிசி மணி போல ஒரு கப்பல். அதை ஒட்டி இன்னொன்று. அந்தக் கடலில் மீன் பிடிக்க அனுமதி பெற்ற கப்பல்களின் பட்டியலில் அக்கா சொன்ன பெயர் இல்லை.

குதித்துக்கொண்டு கீழே போனேன். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"புகார் குடுத்தா அவரு வீட்டுக்கு வருவாரா, இல்ல கடல்லயே கெடப்பாரா?"

நடுக்கடலில் ஒரு கப்பலில் யாரும் நினைத்தபடி ஏறிவிட முடியாது. அது எந்த நாட்டுக் கொடியைக் கட்டியிருக்கிறதோ அந்த நாடு சம்மதிக்க வேண்டும். துறைமுகத்துக்கு வந்தால் அந்தத் துறைமுகத்து நாடு தடுக்கலாம். தடுத்தால் கப்பல் மறுபடி கடலுக்குத்தான் திரும்பும், அவரோடு. மொரீஷியஸ் பெண்ணிடம் கேட்டேன். இன்னொரு வழியும் இருக்கிறது என்றாள். மீன் இறக்க விடாமல், சோதனைக்காக மட்டும் உள்ளே விடலாம். இறங்க ஆசைப்படுகிற ஒருவர் கப்பலில் இருக்கிறார் என்று அதிகாரிகளுக்கு முன்னாலேயே தெரிந்தால், அவரை இறக்கிவிடக் கேட்கலாம். உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை, ஆனால் வீட்டிலிருந்து யாராவது பேச வேண்டும்.

அக்காவிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். "நானே பேசுறேன். நீ பக்கத்துல இருந்து இங்கிலீஷ்ல சொல்லு. உன் இஷ்டத்துக்குச் சேத்துச் சொல்லாத, ஆமா."

கப்பல் இப்போது நகரத் தொடங்கிவிட்டது. உண்மையில் அது தென்மேற்கே, மொரீஷியஸ் பக்கம் போகிறது. எங்கள் வரைபடத்தில் கரூர் தாண்டி, திருப்பூர் தாண்டி, ஊட்டி மலை மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. "ஐயோ, குளிருமே அவருக்கு" என்கிறார் அக்கா, எல்லாம் தெரிந்தும்.

நாளைக் காலையில் மொரீஷியஸ் துறைமுக அதிகாரியோடு வீடியோ காலில் பேசுகிறோம். மொரீஷியஸ் பெண்ணும் வருவாள். அவளுடைய முன்னோர் தமிழர்கள், ஆனால் அவளுக்கு 'வணக்கம்' மட்டும்தான் தெரியும். அக்கா அதற்குள் என்னை அதிகாரியாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்துவிட்டார். கணவரின் பெயர், சரக்குக் கப்பல் என்று சொல்லி ஏற்றிய கதை, இடது புருவத்துத் தழும்பு. பேசி முடித்ததும், குப்பை என்று நாங்கள் தள்ளிவைத்த தரைப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுப் பார்க்கப் போகிறேன். யார் ஊர் வயலின் மேல் யார் வீட்டு ஆள் மிதந்துகொண்டிருக்கிறாரோ.