வாய் முகர்ந்து பார்ப்பவள்

அந்த வார்டில் அவளுக்கு மோப்பக்காரி என்றுதான் பெயர். ஆயா வேலையில் இருபத்திரண்டு வருஷம். ஆபரேஷனுக்குப் போகிற பச்சைக் குழந்தைகளின் வாயருகே மூக்கை வைத்து, பால் வாடை அடிக்கிறதா என்று பார்ப்பாள். வயிற்றில் பால் இருந்தால் மயக்கத்தில் மேலே ஏறி மூச்சை அடைத்துவிடும். இந்தத் தாய்மார்கள் இருக்கிறார்களே, தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள்; புடவை மறைவில் ஊட்டியிருப்பார்கள். பிள்ளை கத்தினால் யாருக்குத்தான் மனசு கேட்கும்! மோப்பக்காரி தயவுதாட்சண்யம் பார்க்காமல் சிஸ்டரிடம் போட்டு உடைத்துவிடுவாள். வாங்கிக் கட்டிக்கொண்ட சாபம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்று வந்தது நாற்பது நாள் பிள்ளை. நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்து, அடியில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி. சப்ப முடியாது, பிறந்ததிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் பால். கட்டி வளர்ந்து இப்போது மூச்சும் இழுத்தது. அதை வெட்டத் தெரிந்த டாக்டர் மாதத்துக்கு ஒருநாள்தான் வருவார்.

மோப்பக்காரி குனிந்தாள். குப்பென்று பால் வாடை.

"குடுத்தியா?"

தாய்க்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டே சொட்டுக்கா. தொண்டை கிழியக் கத்தினான். சொல்லிடாதீங்க. அடுத்த மாசம் வரைக்கும் தாங்க மாட்டான்."

அதுவும் உண்மைதானே! போன மாதம் இவள் திருப்பி அனுப்பிய பெண்பிள்ளை இன்னும் திரும்பி வரவில்லை. அது இவளை அரித்துக்கொண்டே இருந்தது. ரெண்டு சொட்டில் என்ன குடி முழுகிவிடும்?

"வெறும் வயிறுதான் சிஸ்டர்," என்றாள். இத்தனை வருஷத்தில் முதல் பொய். மோப்பக்காரி சொன்னால் அப்பீல் கிடையாது. யாரும் மறுபடி கேட்கவில்லை.

ரெண்டு சொட்டாவது மண்ணாவது! சங்கில் ஊற்றி ஊற்றி அரைக் கிண்ணம் போயிருக்கிறது. மயக்க மருந்து கொடுத்ததும் பால் எதுக்களித்து நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. டாக்டர் கத்தியைத் தொடவே இல்லை. மூன்று நாள் மெஷினில் கிடந்து, நீலம் பாரித்து, பிள்ளை போய்ச் சேர்ந்தது. நுரையீரல் கெட்டுவிட்டது என்று மட்டும் தாயிடம் சொன்னார்கள். ஏன் கெட்டது என்று அவளுக்கு யார் சொல்வது?

துணியில் சுற்றிய பிள்ளையைப் புருஷன் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வாசலில் மோப்பக்காரியைக் கண்டதும் தாய்க்காரி ஓடி வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று இவள் நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

தாய்க்காரி இவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பொறந்ததுலேருந்து அன்னிக்கு ஒருநாள்தான்க்கா வயிறு நிறையக் குடிச்சான். நீங்களும் காட்டிக் குடுக்கல. உங்கள மாதிரி நல்ல மனசு இந்த ஆஸ்பத்திரியில யாருக்குமே இல்லக்கா."