இடது கையால் மடித்த தவளை

என் மேசையில், கணினித் திரைக்குக் கீழே, ஒரு காகிதத் தவளை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் மடித்தது. முதுகில் மஞ்சள் நிறமும் பாதிப் பிள்ளையாரும், வயிற்றில் முகூர்த்த நேரமும் தெரியும். பின்பக்க மடிப்பை விரலால் அழுத்தி விட்டால் ஒரு சாண் தூரம் குதிக்கும். நான்கு வருடங்களாகக் குதிக்கிறது. அதைச் செய்தவர் இடது கையால் மட்டும் செய்தார். அவர் இடதுகைக்காரர் அல்ல. அந்த முக்கால் மணி நேரமும் நான் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவர்மேல் வந்த எரிச்சல் இன்று வேறு பக்கம் திரும்பிவிட்டது. குறையவில்லை.

மைசூர் குவெம்புநகரில் ஒரு வீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கைபேசிச் செயலி ஒன்றை நடத்தினோம். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு நான்கு அட்டைகள். ஒரு வியப்பான தகவல், ஒரு கைவேலை, ஒரு விசித்திரப் பூ, ஒரு கேள்வி. கன்னடத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். சிறுபிள்ளைகள் இருக்கும் வீடுகளில்தான் அதிகம் பார்த்தார்கள். பொறியியல் முடித்து வந்த எனக்கு அது முதல் வேலை. அட்டைகளை அடுக்குவது, அட்டையில் அடங்காததை வெட்டுவது, ஆறு மணிக்கு அனுப்புவது என்று மூன்றையும் செய்யும் நிரலை நான்தான் எழுதினேன். அம்மா நர்ஸ். ஷிஃப்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால் வாசலில் நிற்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். ஆறு என்றால் ஆறு. ஆனால் என் தமிழ் சர்ச் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கற்ற தமிழ். கன்னடத்தில்தான் எனக்கு வேகம். அதனால் தமிழ்ப் பக்கத்தை ஆசிரியர் பார்த்து முடிக்காமல் என்னால் எதையும் அனுப்ப முடியாது. என் கஷ்டம் அங்கே தொடங்கியது.

ஆசிரியர் என்று அவரை நாங்கள் அழைத்தது பதவிக்காக. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஹனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். எங்களிடம் வருவதற்கு முன்பு கொள்ளேகாலில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அங்கே ஒருமுறை முகூர்த்த நேரம் ஒரு மணி நேரம் தள்ளி அச்சாகிவிட்டது. அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பத்திரிகை. பெண்ணின் தாய்மாமன் தமிழ்நாட்டிலிருந்து பாலாறு எல்லை தாண்டி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது, தாலி கட்டி முடித்து இலை போட்டிருந்தார்களாம். மிஞ்சிய பத்திரிகைக் கட்டை அவர் தன்னோடு மைசூருக்கே கொண்டுவந்திருந்தார். மேசையின் கீழ் இழுப்பறை முழுக்க அதுதான். கைவேலை அட்டைகளை எல்லாம் அந்தப் பத்திரிகையில்தான் செய்து பார்ப்பார். வண்ணக் காகிதம் வாங்கித் தருகிறோம் என்றாலும் கேட்கமாட்டார்.

“கலர் பேப்பர் எத்தன வூட்ல இருக்குங்க அம்மிணி? பழைய பத்திரிக எல்லா வூட்லயும் இருக்கும்.”

செய்து பார்ப்பதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது: இடது கை. பழகிய வலது கை எழுத்தின் ஓட்டைகளைத் தானாகவே அடைத்துவிடும், ஆறு வயதுப் பிள்ளையின் கை அடைக்காது என்பார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மேசை விளிம்பில் அட்டையை அழுத்தி, கட்டை விரலால் மடிப்பை நீவி, ‘மூன்றாவது படி: மூலையை மடிக்கவும்’ என்று எழுதியிருந்த இடத்தில் நின்றுவிடுவார். எந்த மூலை? உள்ளேயா, வெளியேயா? எழுதியவருக்குப் போன் போகும். தவளையின்போது மூன்று முறை இப்படி ஆயிற்று. கடைசியில் உருவான தவளை இரண்டு தடவை குதித்தது, மூன்றாவது தடவை மூக்கைத் தரையில் வைத்துக் கவிழ்ந்தது.

“சார், மூணுல ரெண்டு குதிச்சாச்சு. போதாதா?”

“மூணாவது தடவ கொழந்த அழுதா நீங்க போய்ச் சமாதானம் பண்ணுவீங்களா?”

“அழட்டும் சார். எனக்கும் இப்போ அழுகைதான் வருது.”

“அப்ப நீங்களும் ஒரு தவள மடிங்க. மனசு ஆறும்.”

நான் மடிக்கவில்லை. அவர் பின்னங்கால் மடிப்பை அரை விரல் ஏற்றி, படி ஐந்தைத் திருத்தி எழுதி, மறுபடி முதலிலிருந்து செய்தார். அது குதித்தது. பத்து முறை. எண்ணினேன், வேறு வேலை இல்லாததால். பிறகுதான் அச்செடுத்த பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘பார்த்தாச்சு’ என்று எழுதினார். அந்த ஒரு சொல் விழாத பக்கத்தை நான் தொடக்கூடாது.

பூக்களும் இப்படித்தான். குல்மோகருக்கு ஐந்து இதழ், அதில் ஒன்று மட்டும் வெள்ளைப் புள்ளிகளோடு வேறாக இருக்கும் என்று யாரோ எழுதி அனுப்பினார்கள். அவர் எதிர்ச் சாலையில் உதிர்ந்து கிடந்ததை ஒரு பை நிறையப் பொறுக்கிவந்து என் விசைப்பலகைமேல் ஒவ்வொன்றாக விரித்து எண்ணினார். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று வந்த அன்று, “இத நான் எங்க போய்ப் பாக்கறதுங்க?” என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். இரண்டு வேறு புத்தகங்களில் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார், அதுவும் அரைமனதாக.

ஒரு திங்கட்கிழமை, ஊரிலிருந்து நேரே பஸ்ஸில் வந்தவர் செய்தித்தாளில் சுற்றி ஒரு கொடி கொண்டுவந்தார். செங்காந்தள். இதழ்கள் எல்லாம் பின்னால் வளைந்து, கீழே மஞ்சள், நுனியில் சிவப்பு. நான் கை நீட்டினேன். அவர் தாளோடு பின்னால் இழுத்துக்கொண்டார். “எங்கூர்ல இது கண்வலிக் கெழங்கு. பூவு, எல, வெத, கெழங்கு அத்தனையும் வெஷமுங்க. பாருங்க, தொடாதீங்க.” அன்று அவர் எழுதிய அட்டையின் கடைசி வரி இது: ‘இந்தப் பூவைப் பார்த்தால் போதும், தொடவோ, பறிக்கவோ, வாயில் வைக்கவோ கூடாது.’ கடைசியாகச் சொன்னதுதான் மனதில் நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. என் நிரலுக்கு அப்படி நம்பிக்கை எதுவும் கிடையாது. அட்டையில் இடம் போதாவிட்டால் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடும்.

தினமும் விடியற்காலையில், பக்கம் போவதற்கு முன், என் கைபேசியை வாங்கி, நான்கு அட்டைகளையும் வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம். இருபது நிமிடம் ஆகும். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். மறுநாள் விடியற்காலை, ஆறு மணிக்குச் சற்று முன்பு, படித்துவிட்டு வந்தார். “அம்மிணி, உங்க கத்திரிக்கோலு நம்ம கடைசி வரிய முழுங்கிருச்சுங்க.” பிறகு அவரே, தான் ஆசையாக எழுதியிருந்த தீச்சுடர் உவமையை அடித்துவிட்டு, எச்சரிக்கைக்கு இடம் பண்ணினார். அன்று பக்கம் ஆறு மணிக்குப் போகவில்லை. ஆறு இருபதுக்குப் போனது. மேனேஜர் என்னைத்தான் கேட்டார்.

“ஒரு பக்கத்துக்கு எதுக்கும்மா இவ்ளோ நேரம்? எந்த வேலைக்கு எவ்ளோன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு. உனக்குத்தான் லிஸ்ட்னா பிரியமாச்சே.”

பிரியம்தான். இரண்டு வாரம் கடிகாரம் வைத்துக் குறித்தேன். ஏழு வரிகள். எழுதுவது, மொழிபெயர்ப்பது, படம் சேர்ப்பது, செய்து பார்ப்பது, நேரில் பார்ப்பது, காத்திருப்பது, அனுப்புவது. நான் செய்த எந்தப் பட்டியலைப் பற்றியும் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. ஒரு எண்கூடத் தவறில்லை. ஆனால் அவர் கைபேசியில் வாய்விட்டுப் படித்த இருபது நிமிடத்தை நான் ஆறாவது வரியில் போட்டிருந்தேன். காத்திருப்பது. காத்திருந்தது நான். அந்த நேரத்தில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நான்கு, ஐந்து, ஆறு ஆகிய வரிகளை எடுத்துவிட்டால் பக்கம் அரை நாளில் முடியும் என்று மேனேஜர் கண்டுபிடித்தார். கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நான்தான் அவ்வளவு தெளிவாகக் கோடு போட்டுக் கொடுத்திருந்தேனே. அந்த மாதத்தோடு ஆசிரியர் வரவேண்டாம் என்று ஆயிற்று. கடைசி நாள் அவர் என் மேசைக்கு வந்து அந்தப் பட்டியலைக் கேட்டார். கொடுக்கக் கூசியது, கொடுத்தேன். வழக்கம்போல விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தார். ஆறாவது வரியில் விரல் கொஞ்சம் நின்றது.

“நேரமெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க.”

ஓரத்தில் சிவப்பு மையில் ‘பார்த்தாச்சு’ என்று எழுதினார். சட்டைப்பையிலிருந்து தவளையை எடுத்து விசைப்பலகைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார். சண்டை போட்டிருக்கலாம். “காத்திருப்புன்னு போட்டிருக்கியே, யாரு காத்திருந்தா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்றுவரை எனக்கு அதில் தீராத கோபம்.

அதன் பிறகு என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மோசமான பதில்: ஒன்றும் நடக்கவில்லை. பக்கம் ஆறு மணிக்குப் போனது. குதிக்காத முயல்கள் போயின. நிற்காத காகிதக் கூடைகள் போயின. பத்து இதழ் என்று எழுதியிருந்த பூவின் படத்தில் எட்டு இதழ் இருந்தது. யாரும் எழுதிக் கேட்கவில்லை. தன் கைதான் சரியில்லை என்று நினைக்கும் பிள்ளை யாரிடம் புகார் கொடுக்கும்? புதிதாகச் சேர்ந்த வீடுகள்கூட அதிகம்தான் என்று மேனேஜர் கேக் வெட்டினார். எனக்கு ஒரு துண்டு வந்தது. தின்றேன். ஒரு வருடம் கழித்து வேறு கம்பெனிக்கு மாறினேன். செயலியை மட்டும் கைபேசியிலிருந்து நீக்கவில்லை.

போன வாரம் காலை ஆறு மணிக்குச் செங்காந்தள் வந்தது. பழைய அட்டைகளை இப்போது நிரலே கலைத்துப் போட்டு அடுக்குகிறது. பூவின் அட்டையில் தீச்சுடர் உவமை இருந்தது. அவர் அடித்துத் திருத்திய பிரதியை விட்டுவிட்டு முதல் பிரதியை எடுத்திருக்கிறார்கள். கடைசி வரி இல்லை. அதன் பக்கத்தில், அன்றைய கைவேலை: ‘வேலியோரப் பூக்களைப் பறித்து வாருங்கள், இதழ்களை விரலால் கசக்கி வண்ணம் எடுப்போம்.’

வாக்கியத்தை வெட்டியது யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. நான் எழுதிய நிரல், நான் எழுதிய வரியின்படி, பிசகாமல் வெட்டியிருந்தது.

செயலியின் கருத்துப் பெட்டியில் விவரமாக, எண் போட்டு எழுதி அனுப்பினேன். அடுத்த நொடி பதில் வந்தது: ‘உங்கள் கருத்து ஆசிரியருக்கு அனுப்பப்பட்டது. அவர் பார்த்துவிட்டு உங்களுக்கு எழுதுவார்.’ அந்த இரண்டு வாக்கியங்களும் நான் எழுதியவை, அவர் இருந்த காலத்தில். மேனேஜருக்குப் போன் செய்தேன்.

“சும்னே டென்ஷன் ஆகாதேம்மா. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அந்தப் பக்கமே இருக்காது.”

“மறுபடி சுத்தி வரும் சார்.”

“வரட்டும், அப்போ பாத்துக்கலாம். யாரும்மா கடைசி வரி வரைக்கும் படிக்கறா?”

அதற்குப் பிறகு ஆசிரியரைக் கூப்பிட்டேன். நான்கு வருடத்தில் முதல் முறை. கொள்ளேகால் அச்சகத்துக்கே திரும்பிவிட்டாராம்; பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம். விஷயத்தைச் சொன்னேன்.

“அது என் தப்புங்க அம்மிணி. வெஷம்னு மொத வரியிலயே எழுதியிருக்கோணும். கடைசியில வெச்சது என் தப்பு.”

“சார், தயவுசெஞ்சு நீங்க இதையும் திருத்தாதீங்க. தப்பு என்னுது. ஆறாவது வரி. உங்களுக்கு அன்னைக்கே தெரியும்.”

“தெரியுமுங்க.”

“ஏன் சொல்லல?”

“பட்டியல்ல நேரம் சரியாங்கறதத்தான நீங்க எங்கிட்டக் கேட்டீங்க?” என்றார். நான் கேட்கவே இல்லை. பட்டியலைக் கேட்டு வாங்கியவர் அவர்தான்; என்மேல் பழி விழாமல் இருக்க அப்படிச் சொன்னார். பிறகு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, “தவள இன்னும் குதிக்குதுங்களா?” என்றார்.

மறுநாள் அந்தப் பக்கம் செயலியிலிருந்து மறைந்துவிட்டது, மேனேஜர் சொன்னபடியே. எந்தக் குழந்தை எந்த வேலியோரம் போனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இப்போதெல்லாம் ஆறு மணிக்கு எழுந்து நான்கு அட்டைகளையும் வாய்விட்டுப் படிக்கிறேன். கைவேலையை இடது கையால் செய்து பார்க்கிறேன். எது நிற்கவில்லை, எது குதிக்கவில்லை, எந்தக் கடைசி வரி காணவில்லை என்று எழுதி அனுப்புகிறேன். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது.

இன்று காலையும் அனுப்பினேன். அடுத்த நொடியே பதில் வந்தது. ஆசிரியர் பார்த்துவிட்டு எழுதுவாராம். தவளையின் பின்மடிப்பை அழுத்தி விட்டேன். ஒரு சாண் குதித்து, தவறான முகூர்த்த நேரம் கீழே இருக்க, நேராக உட்கார்ந்தது.