எனக்குத் தெரியாத சிவப்பு

நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுக்கு நான் ஆபரேட்டராக இருந்தேன். எழுபதுகளின் கடைசியில் என்னையும் உடன் வேலை பார்த்த செல்வராஜையும் பயிற்சிக்காக ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே அப்போது இலையுதிர் காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே நடந்துகொண்டிருந்தோம்.

"அண்ணே, அந்த மலையப் பாருங்க. மரமெல்லாம் எப்படிச் செவந்து கெடக்குது!"

"எங்கடா செவப்பு? கீழ இருக்கிற புல்லு மாதிரிதான இருக்கு?"

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். பிறகு இரண்டு இலைகளைப் பொறுக்கி நீட்டினான்.

"இதுல எதுண்ணே பச்சை?"

இரண்டும் எனக்கு ஒரே நிறமாகத்தான் தெரிந்தன. அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்குச் சுரங்கம் நினைவுக்கு வந்தது. பெல்ட் ஓடுகிறதா, நிற்கிறதா என்பதைச் சிவப்பு, பச்சை விளக்குகள்தான் காட்டும். மேலே எரிந்தால் சிவப்பு, கீழே எரிந்தால் பச்சை என்று இடத்தை வைத்தே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். யாராவது விளக்கை இடம் மாற்றிப் பொருத்தியிருந்தால் ஓர் ஆளின் உயிரே போயிருக்கும்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேண்ணே."

"வேணாம்டா. நானே சொல்லிடுறேன்."

நெய்வேலி திரும்பியதும் அதிகாரியிடம் சொன்னேன். ஸ்டோருக்கு மாற்றினார்கள். மெஷினை விட்டு வந்தது வருத்தம்தான், ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன்.

விஷயத்தைக் கேட்ட என் மனைவி, "அப்ப என் கூறைப்புடவை உங்களுக்கு என்ன கலராத் தெரியுதுங்க?" என்றாள்.

"மண்ணு கலரா" என்றேன்.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் எதைப் பார்த்தாலும் என் காதருகே நிறத்தைச் சொல்லிவிடுவாள். அவள் சிவப்பு என்றால் எனக்கும் அது சிவப்புதான்.