உப்பளத்துக் குழாயும் என் ஓட்டு வேட்டையும்

மேடையேறி ஊர்ப் பெரிய மனுஷங்களைக் கிண்டலடிக்கும் தொழிலில் கைதட்டல் நிச்சயம்; பத்திரமாக வீடு போய்ச் சேர்வதுதான் சந்தேகம். மைக்கைப் பிடித்து மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தெருவிளக்குக்கு மாலை

2004இல் மரக்காணத்தில் மாதா கோயில் திருவிழா. எங்கள் வார்டு கவுன்சிலர் மாதிரி வேட்டியை மடித்துக் கட்டி, எரியாத தெருவிளக்குக்கு மாலை போட்டு ஒப்பாரி வைத்தேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் இருந்த நிஜக் கவுன்சிலரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாளே விளக்கு எரிந்தது!

ஊரே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலையக்கா மட்டும் மடக்கினார்: "வெளக்கு இருக்கட்டும்பா. உப்புல நின்னு தொண்டை காயுது, குடிக்க ஒரு கொழா இல்ல. அதையும் அந்தாளுகிட்ட கேளேன்."

செருப்புக் கால்கள்

அடுத்த திருவிழாவில் குழாயை வைத்துக் கிழிகிழியென்று கிழித்தேன். கவுன்சிலர் குழாய்க்குக் குழி மட்டும் வெட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாமே ஜெயித்துக் குழாய் போட்டுவிடலாம் என்று 2006 தேர்தலில் அவரை எதிர்த்துச் சுயேச்சையாக நின்றேன்.

உப்பளத்தில் ஓட்டுக் கேட்க வானூரிலிருந்து மேளக்காரர்களைக் கூட்டிப்போனேன். வெளியூர் ஆட்கள், பாவம். ஆடிக்கொண்டே செருப்புக் காலோடு பாத்திக்குள் இறங்கிவிட்டார்கள். வாரத் தயாராக இருந்த வெள்ளை உப்பெல்லாம் சேறு. அஞ்சலையக்கா வாருபலகையோடு ஓடிவந்தார்: "ஓட்டு எங்கயும் போவாது! மொதல்ல அவனுங்க காலை எடுக்கச் சொல்லு!"

கைகூப்பியபோது

வேட்பாளராச்சே, மரியாதையாக இருக்க வேண்டாமா? டீக்கடை முன்னால் கைகூப்பி, உப்பளத் தண்ணீர்க் கஷ்டத்தை உருக்கமாகப் பேசினேன். சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது. கூட்டம் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரிண்ணே, காமெடி எப்ப ஆரம்பிப்பீங்க?"

தோற்ற பிறகு

தோற்றேன். சும்மா இல்லை, படுதோல்வி. நான் நிஜமாகவே நொந்துபோனேன். குழாய் கேட்டவர்களே கைவிட்டால் யாருக்குத்தான் வலிக்காது? அஞ்சலையக்காவிடம் நேராகவே கேட்டுவிட்டேன், யாருக்குப் போட்டாய் என்று. அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"அவருக்குத்தான். நீ கிண்டல் பண்ணிதானே குழி வரைக்கும் வந்தாரு? நீயே கவுன்சிலர் ஆயிட்டா உன்னை யாருப்பா கிண்டல் பண்றது? எங்களுக்கு அதெல்லாம் வராது. மாதா கோயில் திருவிழா வருது, போய் மேடையில ஏறு."

ஏறினேன், குழாய் வந்துவிட்டது, அதில் தண்ணீர் வரத்தான் இன்னும் ஒரு திருவிழா ஆகும்போலிருக்கிறது.