இடது கால்

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரில், நானும் மனைவியும் விழாக்களில் ஆட்கள் உட்காரக் கதிரை அடுக்கும் வேலை செய்தோம். எதற்கும் முந்திப் பாய்கிற குணம் எனக்கு. ஒரு மாலை கால்சா என்ற பகுதியில், கூரையில்லாத பழைய தேவாலயத்தில், துருக்கியிலிருந்து வந்த தர்வீஷ்கள் என்ற சூஃபி அடியார்கள் இறைவனை நினைத்துச் சுழன்றார்கள்.

வெள்ளை அங்கி விரிய, ஒருவர் கண்மூடியபடி மேடை விளிம்பை நோக்கி நகர்ந்தார்.

"உரு வந்திட்டுது. விழப்போறார்," என்றாள் மனைவி.

ஊர்க் கோயிலில் உரு வந்து சாமியாடிய என் அக்கா, பிடிக்க ஆளில்லாமல் தூணில் மோதி விழுந்தது கண்ணுக்குள் வந்தது. பாய்ந்து மேடையில் ஏறினேன்.

கறுப்பு அங்கியோடு சுழன்றவர்களுக்கிடையே நடந்துகொண்டிருந்த தலைவர், என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தடுத்தார்.

"தொடாதையும். காலைப் பாரும்," என்று அரைகுறை இத்தாலிய மொழியில் முணுமுணுத்தார்.

பார்த்தேன். வலது கால்தான் சுற்றிச் சுற்றி வந்தது. இடது கால் நிலத்தில் தேய்ந்து நகர்ந்ததே தவிர, எழும்பவேயில்லை. தலைவர் விளிம்பில் போய் நின்று காலால் மெல்லத் தட்டியதும், சுழன்றவர் கண் திறக்காமலே உள்ளே திரும்பினார். முடிவில் தள்ளாடாமல் நின்று வணங்கினார்.

நான் இறங்கி வந்தேன்.

"அவர் விழேல்லையே," என்றாள் மனைவி.

கதிரைகளை அடுக்கத் தொடங்கினேன். ஊரை விட்டு வந்த நாள்முதல் மற்றவர்கள் விழப்போகிறார்கள் என்றே பயந்திருக்கிறேன். அந்த மேடையில் கால் நிலத்தில் நிற்காதவன் நான் ஒருவன்தான்.